யாரும் படமெடுக்காத தாளில் பதிந்தவை

பயன்படுத்தப்படாத ஒளிப்பட ஃபிலிமை வாங்குபவருக்கு ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. உள்ளிருக்கும் தாள்கள் நல்ல நிலையில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வெளிச்சம் தேவை. வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும். இருட்டறையில் ஒரு தாளைக் கழுவிப் பார்க்கலாம். ஆனால் கழுவிய தாள் அதன்பின் படமெடுக்க உதவாது. மூட்டையிலிருந்து ஒரு பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பதுபோல, ஒரு தாளைப் பலிகொடுத்து மற்றவற்றின் நிலையை ஊகிப்பது ஒன்றே வழி. அந்த ஒரு தாள் கறுத்து வந்தால் அடுத்த கேள்வி எழுகிறது: பெட்டிக்குள் எது நுழைந்தது, எந்த இடத்தில் நுழைந்தது?

தொழிற்சாலை, கப்பல், துறைமுகக் கிடங்கு, சுங்கச் சோதனை, சரக்கு வண்டி, கடை, இருட்டறை என்று பல கைகள் மாறி வரும் பொருள் இது. ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டலாம். 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல்சார் காப்பீட்டுச் சட்டமும் அதை ஒட்டி எழுந்த 1963ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும் தம் 55ஆம் பிரிவில், சரக்கின் இயல்பிலேயே உள்ள குறையால் நேரும் இழப்புக்குக் காப்பீட்டாளர் பொதுவாகப் பொறுப்பல்லர் என்கின்றன. வெப்பத்தில் தானே கெடுவது ஃபிலிமின் இயல்பு. மூடி நெகிழ்ந்து ஒளி புகுவது வழியில் நேர்ந்த விபத்து. இரண்டும் கழுவியபின் கறுப்பாகவே தெரியும். உற்பத்தியாளர்களோ, குறையுள்ள ஃபிலிமுக்கு மாற்று ஃபிலிம் தருவதோடு தம் பொறுப்பு முடிந்தது என்று பெட்டியின் மேலேயே நெடுங்காலமாக அச்சிட்டுவருகின்றனர். கிடைக்காமற்போன படத்தின் மதிப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

'ஷீட் ஃபிலிம்' எனப்படும் தாள் ஃபிலிம் சுருளாக வராது. தனித்தனித் தாள்களாக வெட்டி அடுக்கப்பட்டு, ஒளிபுகாத உறையில் இடப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழும் மூடிகள் கொண்ட அட்டைப்பெட்டியில் வரும். படத்தாள்களின் ஒரு மூலையில் சிறு வெட்டுகள் இருக்கும். முழு இருட்டில் அந்த வெட்டுகளை விரலால் தடவி, இது எவ்வகை ஃபிலிம், பூச்சு எந்தப் பக்கம் என்று அறிய வேண்டும். கண்ணுக்கு வேலையில்லாத இடத்தில் விரலுக்காக எழுதப்பட்ட எழுத்து அது. எழுத்து முறைகளின் வரலாற்றில் அதற்கு ஓர் அடிக்குறிப்பேனும் தரலாம். பெட்டியின் வெளிப்புற எச்சரிக்கையோ வேறு கதை. இருட்டறையில் மட்டும் திறக்கவும் என்ற வாசகம் இறக்குமதிப் பெட்டிகளில் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இருக்கும். மராத்தியிலோ தமிழிலோ இருப்பது வழக்கமில்லை. பெட்டியைத் தூக்குபவரும் சோதிப்பவரும் அதை வாசித்தாக வேண்டும் என்று எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

கறுப்பு எப்படி உண்டாகிறது என்பதை அறியாமல் மேற்செல்ல இயலாது. ஜெலட்டினில் மிதக்கும் வெள்ளி உப்புப் படிகங்களே ஃபிலிமின் பூச்சு. ஒளி பட்டதும் படிகத்தில் மிகச் சில வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் திரள்கின்றன. மூன்று நான்கு அணுக்களே போதும். கழுவும் கரைசல் அதைப் பற்றிக்கொண்டு படிகம் முழுவதையும் கறுப்பு வெள்ளியாக மாற்றிவிடும். இந்தப் பொறிமுறையை ரொனால்டு கர்னி, நெவில் மாட் ஆகிய இருவரும் 1938இல் விளக்கினர். கழுவும்வரை கண்ணுக்குத் தெரியாத அந்தப் பதிவுக்குத் தமிழில் 'உள்ளுறை உரு' என்ற பெயர் பொருத்தமானது. அகப்பாடல் மரபில் உள்ளுறை என்பது இயற்கைக் காட்சிக்குள் மறைந்து நின்று, வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் வெளிப்படும் பொருள். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. புலவர் வைத்த உள்ளுறைக்கு நோக்கம் இருக்கிறது. படிகத்துக்கு அது தெரியாது. சாளரத்து ஒளி, சுங்க அலுவலரின் கைவிளக்கு, எக்ஸ்-கதிர், கதிரியக்கத் தூசி, மே மாத வெப்பம் ஆகிய எல்லாம் அதற்கு ஒன்றே. யாரும் விரும்பாத இந்தக் கறுப்பை ஆங்கிலத்தில் மூடுபனியின் பெயரால் 'ஃபாக்' என்பர். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களிலும் 'ஃபாக் அடித்துவிட்டது' என்ற வழக்கே நிலைத்தது. இங்கே அதை 'மூட்டம்' எனலாம்.

மூட்டத்துக்கும் கையெழுத்து உண்டு. பெட்டியின் மூடி வழியே புகுந்த ஒளி தாளின் விளிம்பில் அடர்ந்தும் உள்நோக்கி மெலிந்தும் காணப்படும். அடுக்கில் உள்ள பல தாள்களில் அதே இடத்தில் அது திரும்ப வரும். பெட்டி முழுவதுமாகத் திறக்கப்பட்டிருந்தால் மேல்தாளுக்கே பேரிழப்பு. வறண்ட காற்றில் தாள்கள் உரசி எழும் நிலைமின்சாரம் கிளைவிட்ட மரம்போன்ற கோடுகளை விடும். முதுமையும் வெப்பமும் தாள் முழுவதையும் ஒரே சீராகச் சாம்பலாக்கும். சரக்குப் பெட்டிகளைத் துருவும் விமான நிலையக் கருவிகளின் எக்ஸ்-கதிர், பட்டை பட்டையாகப் பதிந்து, அருகிலிருந்த பொருள்களின் நிழலையும் சில வேளைகளில் சேர்த்துக் காட்டும். பழகிய இருட்டறைப் பணியாளர் கெட்டுப்போன தாளைப் பார்த்தே அது வந்த வழியைச் சொல்லிவிடுவார். எனவே, படமெடுக்கப்படாத தாளை வெறுந்தாள் என்பது பொருந்தாது. அது தன் பயணத்தின் ஏடு. அந்த ஏட்டை யார் வாசித்தார்கள், யாருடைய நலனுக்காக வாசித்தார்கள் என்பதே இதன் வரலாறு.

இந்தியாவில் இந்த வரலாற்றின் ஒரு முனை பூனாவில் இருக்கிறது. அந்நகரின் அறிவியல் கல்லூரியில் பணியாற்றிய கவஸ்ஜி தாதாபாய் நெய்காம்வாலா, பவநகர் மன்னர் தக்தசிங்ஜியின் நன்கொடையைக் கொண்டு அங்கு வானாய்வகம் ஒன்றை அமைத்தார். 1898 ஜனவரி 22 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை மகாராஷ்டிரத்தைக் கடந்தபோது, அவர் கருவிகளுடன் பூனாவுக்குத் தென்கிழக்கே ரயில் பாதையில் உள்ள ஜேவூருக்குச் சென்றார். அமெரிக்காவின் லிக் வானாய்வகத்திலிருந்து கேம்பெல் நாற்பதடி நீளக் கேமராவுடன் அங்கேயே முகாமிட்டிருந்தார். அக்காலத்தில் ஃபிலிமுக்குப் பதிலாகக் கண்ணாடி உலர்தகடுகள். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் பூனா சென்ற எந்தச் சரக்கும் போர் மலைத்தொடரை ஏறிக் கடந்து, இன்று கசார்வாடி நிலையம் இருக்கும் தடத்தின் வழியாகவே நகருக்குள் நுழைந்தது. கிரகணமோ இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். வழியில் தகடுகள் மூட்டம் கொண்டிருந்தால் மீண்டும் எடுக்க வாய்ப்பில்லை. அதே பெட்டியின் ஒரு தகட்டை முன்கூட்டியே கழுவிப் பார்ப்பது கிரகணக் குழுக்களுக்குச் சடங்காகவே ஆகியிருந்தது. நெய்காம்வாலா ஓய்வுபெற்றதும், 1912இல் பூனா வானாய்வகம் மூடப்பட்டு அதன் கருவிகள் கோடைக்கானலுக்குச் சென்றன. அங்கே நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த சூரியத் தகடுகள் இன்று எண்மமாக்கப்பட்டுள்ளன. அத்தகைய தகடுகளை அளவிடும் எவரும் முதலில் செய்வது, ஒளி படாத பகுதி எவ்வளவு கறுத்திருக்கிறது என்று அளந்து அதைக் கழிப்பதுதான்.

ஜேவூர்க் கிரகணத்துக்குச் சற்று முந்தைய ஆண்டுகளில்தான் 'கெட்டுப்போன தகடு' இயற்பியலின் போக்கையே திருப்பியிருந்தது. 1890 பிப்ரவரி 22 அன்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் குட்ஸ்பீட், வில்லியம் ஜென்னிங்ஸ் ஆகிய இருவரும் மின்னிறக்கக் குழாயை இயக்கியபோது, அருகில் படமெடுக்கப்படாத தகடு ஒன்று இருந்தது, அதன்மேல் நாணயங்கள். கழுவியபோது விளங்காத வட்ட நிழல்கள் தெரிந்தன. பழுதென்று தகடு ஒதுக்கிவைக்கப்பட்டது. 1895 இறுதியில் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்த பின்பே அந்தத் தகட்டைத் தேடி எடுத்தனர். வில்லியம் குரூக்ஸ் மூட்டம் கொண்ட தகடுகளை உற்பத்தியாளரிடமே குறைகூறித் திருப்பி அனுப்பினார் என்றொரு கதையும் உலவுகிறது. அது சற்று அளவுக்கு மிஞ்சி அழகாக இருப்பதால் ஐயத்தோடு ஏற்பதே நல்லது. 1896 மார்ச் 1 அன்று பெக்கரல், இழுப்பறையில் யுரேனிய உப்போடு கிடந்த, கறுப்புத் தாளில் சுற்றப்பட்ட தகட்டைக் கழுவினார். வெயில் படாமலேயே அது கறுத்திருந்தது. குட்ஸ்பீடின் முன்னும் பெக்கரலின் முன்னும் இருந்தது ஒரே வகைச் சான்று. ஒருவர் பழுதென வாசித்தார், மற்றவர் செய்தியென வாசித்தார்.

கொல்கத்தா போஸ் நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸும் விபா சௌத்ரியும் 1938க்குப் பின் செய்த பணி இதன் மறுபக்கம். டார்ஜிலிங், சந்தக்ஃபூ உயரங்களில் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, அவற்றில் அண்டக்கதிர்கள் விட்ட தடங்களை எண்ணினர். இடைநிறைத் துகளின் நிறையை மதிப்பிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். போர்க்காலத்தில் தரமான பூச்சுள்ள தகடுகள் கிடைக்காததால் பணி மேற்செல்ல முடியவில்லை. இத்தகைய தகட்டுக்கு மூடி கிடையாது. பூச்சு உலர்ந்த நாள்முதல் கழுவும் நாள்வரை, மலையில் இருந்தாலும் கப்பலில் இருந்தாலும் அது பதிந்துகொண்டே இருக்கும். வழியில் பதிந்தது எது, மலையில் பதிந்தது எது என்று பிரிக்க ஒப்பீட்டுத் தகடு வேண்டும்.

ஆயினும் பயணத்தில் கெட்ட தாள் ஒன்று உலக அரசியலையே காட்டிக்கொடுத்த நிகழ்வு ரோசெஸ்டரில் நடந்தது. 1945 இலையுதிர்காலத்தில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் எக்ஸ்-ரே தாள் ஃபிலிம்களில் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. இவை மருத்துவமனைக்குச் செல்லும் தாள்கள். கண்ணாடித் தகடுகளுக்கான பெல்ஜியக் கண்ணாடி முதல் உலகப் போரில் தடைப்பட்டபின் பரவலான வகை. புள்ளிகள் விளிம்பில் இல்லை, சீராகவும் இல்லை. ஆகவே ஒளிக்கசிவும் இல்லை, முதுமையும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இயற்பியலர் ஜூலியன் வெப், ஃபிலிமைச் சோதிப்பதை விட்டு அதை அணைத்திருந்த அட்டையைச் சோதித்தார். வைக்கோல் கூழிலிருந்து செய்யப்பட்ட விறைப்பட்டை அது. இண்டியானா மாநிலத்தின் வின்சென்ஸ் நகர ஆலையில், வாபாஷ் ஆற்றங்கரையில் தயாரானது.

அட்டை கதிரியக்கம் கொள்வது கோடக்குக்குப் புதிதன்று. போர்க்காலத்தில் ரேடியம் பூசிய கருவி முகப்புகள் செய்த ஆலைகளின் கழிவுத்தாள் மறுசுழற்சியில் கலந்து முன்பே தொல்லை தந்திருந்தது. அதனாலேயே ஃபிலிமுக்கான அட்டை தனிக் கண்காணிப்பில் தயாரானது. இம்முறை கதிர்களின் தன்மை ரேடியத்தோடு பொருந்தவில்லை. ஏறத்தாழ ஒரு மாத அரையாயுள் கொண்ட ஒரு தனிமம் பீட்டாக் கதிரை வீசிக்கொண்டிருந்தது. அயோவா மாநிலத்தின் டாமா நகர அட்டையிலும் இதே மாசு இருந்தது. வெப் அதை சீரியம்-141 என அடையாளம் கண்டார். அது யுரேனியமோ புளூட்டோனியமோ பிளவுறும்போது விளைவது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலையில் வெடித்த முதல் அணுகுண்டின் தூசி 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் மழையோடு இறங்கி, ஆற்றில் கலந்து, ஆலையின் நீராகி, அட்டையாகி, ஃபிலிமை அணைத்துக்கொண்டிருந்தது. வெப் இதை 1949இல் 'ஃபிசிகல் ரிவ்யூ' இதழில் வெளியிட்டார். படைத்துறை மறைத்துவைத்த ஒன்றின் எல்லையை ஒரு பொட்டல அட்டை வரைந்து காட்டிவிட்டது.

அடுத்து நடந்ததே வரலாற்று மாணவர் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம். 1951 ஜனவரி இறுதியில் நெவாடாவில் வெடிப்புச் சோதனைகள் தொடங்கின. சில நாள்களுக்குள் ரோசெஸ்டரில் பெய்த பனியில் கோடக்கின் அளவிகள் வழக்கத்துக்கு மிக மேலான கதிரியக்கத்தைக் காட்டின. நிறுவனம் அணுசக்தி ஆணையத்திடம் முறையிட்டது. வழக்குத் தொடுப்பதாகவும் எச்சரித்தது. ஆணையம் உடன்பட்டது. சோதனைகளைப் பற்றியும் தூசி எங்கே இறங்கக்கூடும் என்பது பற்றியும் ஃபிலிம் உற்பத்தியாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. அதே தூசியில் அயோடின்-131 இருந்தது. அது புல்லில் இறங்கி, பசுவின் பாலில் சேர்ந்து, குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் தங்கக்கூடியது. பால் குடித்தவர்களுக்கு அத்தகைய முன்னறிவிப்பு ஏதும் தரப்படவில்லை. 1997இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அயோடின் ஆய்வு வெளிவந்து செனட் குழுவின் முன் விசாரணை நடந்தபோதுதான் இந்த ஏற்பாடு பரவலாகத் தெரியவந்தது. தாளின் மூட்டத்தை எண்ணக் கணக்கர் இருந்தனர், இழப்பைக் கோர வழக்கறிஞர் இருந்தனர். ஆகவே தாளுக்கு அறிவிப்புக் கிடைத்தது.

இந்திய மருத்துவமனைகளுக்கு இது தொலைதூரக் கதையன்று. எக்ஸ்-ரே தாள் வழியில் மூட்டம் கொண்டிருந்தால் அது நோயாளியைப் படமெடுத்தபின்தான் தெரியும். மறுபடியும் படமெடுக்க வேண்டும். அதாவது அதே உடலில் மறுபடியும் கதிர். தாளின் விலையை யாரேனும் ஈடுசெய்யலாம், அந்த இரண்டாம் கதிர்வீச்சை எவரும் திரும்பப் பெறுவதில்லை. இறக்குமதியை நம்பியிருந்த நிலையை மாற்றவே 1960இல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டது. பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் கறுப்புவெள்ளைச் சுருளும் எக்ஸ்-ரே தாளும் நாடெங்கும் சென்றன. குளிர்ந்த, தூசியற்ற மலைக்காற்று பூச்சு வேலைக்கு உகந்தது. ஆனால் தாள் மலையிலேயே தங்குவதில்லை. நீலகிரியில் இருந்து இறங்கிய மறுநாளே கோடையின் சமவெளியை அது சந்திக்க வேண்டும். நல்ல ஆலை இருந்தால் போதாது, ஆலைக்கும் இருட்டறைக்கும் நடுவே குளிர்ந்த கிடங்குகளும் வேண்டும் என்பதைத் தொழில்மயமாக்கலின் வரலாறுகள் போதிய அளவு பேசவில்லை. எண்மப் படங்களின் வருகைக்கு முன்பே நலிவுற்றிருந்த அந்நிறுவனத்தை மூட 2016இல் முடிவெடுக்கப்பட்டது.

மூட்டத்தைப் பழுதாகக் கருதாமல் அளவாகவே கருதிய துறை ஒன்றும் உண்டு. கதிர்வீச்சுப் பணியாளர் மார்பில் அணியும் ஃபிலிம் பட்டையில் ஒளிபுகா உறையிட்ட சிறு தாள் ஒன்று இருந்தது. அதன் கறுப்பே அவர் பெற்ற கதிரின் அளவு. இந்தியாவில் 1950களில் அணுசக்தித் துறை இந்தக் கண்காணிப்பைத் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஃபிலிமின் இடத்தை வெப்ப ஒளிர்வு வில்லைகள் பிடித்தன. கசார்வாடியை ஒட்டிய பிம்ப்ரி-சிஞ்ச்வட் போன்ற தொழிற்பட்டைகளில் பற்றவைப்பு இணைப்புகளையும் வார்ப்புகளையும் எக்ஸ்-கதிராலோ இரிடியம்-192இன் காமாக் கதிராலோ துருவிப் பார்க்கும் பணியாளர்கள் இன்றும் அத்தகைய பட்டையை அணிகின்றனர். ஆங்கிலத்தில் தாளில் ஒளி படுவதற்கும் உடலில் கதிர் படுவதற்கும் 'எக்ஸ்போஷர்' என்ற ஒரே சொல். தமிழில் தாள் 'ஒளிபடுகிறது', மனிதர் கதிர்வீச்சுக்கு 'ஆட்படுகிறார்'. ஆட்படுதலில் அடிமையாதல் என்ற பழம்பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டைகள் ஆய்வகத்துக்கும் பணியிடத்துக்கும் இடையே தபாலில் சென்று வருகின்றன. வழியில் படும் கதிரைப் பணியாளரின் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதற்காக, ஒவ்வொரு தொகுதியோடும் யாரும் அணியாத ஒரு கட்டுப்பாட்டுப் பட்டை சேர்ந்து பயணிக்கிறது. மற்ற பட்டைகளின் அளவிலிருந்து அதன் அளவு கழிக்கப்படும். கிரகணக் குழு கழுவிப் பார்த்த தகட்டின் நேர் வழித்தோன்றல் அது. பணியிடத்தில் அதைக் கதிர் அணுகாத தனி இடத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. வசதிக்காக அதை எக்ஸ்-ரே அறையின் ஆணியிலேயே மற்ற பட்டைகளோடு மாட்டிவைத்தால், அதுவும் கதிரை வாங்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் கழித்தல் வழக்கம்போல் நடக்கும். பணியாளர் உண்மையில் பெற்ற கதிர், வழியில் பட்டதென்று கருதப்பட்டு, அவருடைய ஏட்டிலிருந்து நீங்கிவிடும்.